வீண் வழக்குத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்குப் போடுவதையும் மனு எழுதுவதையுமே பிழைப்பாகக் கொண்டவர்களை நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் நுழையவே விடக் கூடாது என்று சில நாள்களுக்கு முன் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். முன்சீப் நீதிமன்றங்களில் பணியாற்றிச் சிரஸ்தாராக (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை எழுத்தராக) ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அவருடைய வேதனை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒரே பாதைத் தகராறு வாதியின் பெயரிலும், பிறகு அவர் மனைவியின் பெயரிலும், பிறகு மகனின் பெயரிலும் தாவாவாக (உரிமையியல் வழக்காக) வந்து நின்றதையும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து வராந்தாவில் காத்திருந்த பிரதிவாதிகளையும் நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த அன்பர் கேட்கும் தீர்வை ஏற்க இயலாது. அதைவிட நல்ல தீர்வு நம் மாநிலத்திலேயே 1949 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அது ஏன் பயன்படாமல் கிடக்கிறது, அதை எப்படிப் பயன்படச் செய்யலாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

1949ஆம் ஆண்டின் 8ஆவது சட்டமாக அன்றைய சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட வீண் வழக்குத் தடுப்புச் சட்டம் மிகச் சிறியது. ஒரு தாளில் அடங்கிவிடும். ஒருவர் நியாயமான காரணம் ஏதுமின்றித் தொல்லை தரும் உரிமையியல் நடவடிக்கைகளையோ குற்றவியல் நடவடிக்கைகளையோ வழக்கமாகவே தொடுத்து வருகிறார் என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்ட பிறகு, குற்றச்சாட்டு உண்மைதான் என்று உயர் நீதிமன்றம் கருதினால், அவர் இனிமேல் சென்னை நகரத்து நீதிமன்றங்களில் உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமலும், பிற ஊர்களில் மாவட்ட அமர்வு நீதிபதியின் அனுமதி இல்லாமலும் எந்த நடவடிக்கையும் தொடுக்கக் கூடாது என்று ஆணையிடலாம். வழக்கில் முதல் நோக்கிலேயே ஒரு முகாந்திரம் தெரிந்தால்தான் அனுமதி தரப்படும். அனுமதி இல்லாமல் தொடுத்த நடவடிக்கை தள்ளுபடியாகும். ஆணையின் நகல் அரசிதழில் வெளியிடப்படும்.

இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால், தொல்லை வழக்காடி என்று அறிவிக்கப்பட்டவருக்கும் நீதிமன்றம் முற்றிலும் அடைக்கப்படுவதில்லை. நாளைக்கே அவருடைய நிலத்தை யாரேனும் உண்மையாக ஆக்கிரமித்தால், பத்திரத்தையும் பட்டாவையும் மாவட்ட நீதிபதியிடம் காட்டி அனுமதி பெற்றுத் தாவா தொடுக்கலாம். எதிர்த்தரப்பு சம்மன் வாங்கி, வழக்கறிஞர் வைத்து, எதிருரை தாக்கல் செய்து அலைவதற்கு முன்பே வழக்கில் சாரம் உண்டா என்று ஒரு நீதிபதி பார்த்துவிடுகிறார் என்பது மட்டுமே வித்தியாசம். இந்தக் காரணத்தாலேயே, இச்சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று எழுப்பப்பட்ட வாதத்தை உச்ச நீதிமன்றம் 1965இல் ஏற்கவில்லை. ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வந்த அந்த மேல்முறையீட்டில் சட்டம் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், சென்னை மாகாணச் சட்டமான இது தெலங்கானா பகுதிக்கு முறையாக நீட்டிக்கப்படவில்லை என்பதால் அங்குள்ள நீதிமன்றங்களைப் பொறுத்து மேல்முறையீடு செய்தவருக்குத் தடை விதிக்க முடியாது என்றும் சொன்னது. ஒருவருடைய வழக்குரிமையைக் குறைக்கும் சட்டம் எழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும் என்ற அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1956 முதல் இதே வகையான சட்டம் இருக்கிறது. அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றமும் 1998இல், வழக்குத் தொடுக்கும் உரிமையை இவ்வளவுக்குக் கட்டுப்படுத்துவது நியாயமானதே என்று தீர்ப்பளித்தது.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்ற முன்னாள் வழக்கறிஞர் ஒருவர் 1890களில் இளவரசர் முதல் நீதிபதிகள் வரை பலர் மீது 48 வழக்குகள் தொடுத்தார். அவரைத் தடுக்க வழியில்லாத நிலையில் 1896இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அட்டர்னி ஜெனரல் (அந்நாட்டு அரசின் தலைமை வழக்கறிஞர்) மனுச் செய்ய வேண்டும், நீதிமன்றம் விசாரித்து ஆணையிட வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு வழக்குக்கும் அனுமதி பெற வேண்டும் என்ற மூன்று படிகளும் அதில் இருந்து வந்தவைதான். நம் சட்டம் 1949இல் அந்த வடிவத்தை ஏற்றுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. மகாராஷ்டிரம் 1971இலும் மத்தியப் பிரதேசம் 2015இலும் தங்களுக்கெனச் சட்டம் இயற்றின. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நீதியரசர் ஜெகந்நாத ராவ் தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம் 2005இல் தன் 192ஆவது அறிக்கையில் வரைவோடு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை.

இங்கிலாந்தோ அந்தப் பழைய வடிவத்தோடு நிற்கவில்லை. அட்டர்னி ஜெனரலின் வழி இன்றும் இருக்கிறது என்றாலும், வழக்கை விசாரிக்கும் நீதிபதியே மூன்று படிநிலைகளில் கட்டுப்பாடு விதிக்கும் முறை 2004 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு வழக்கில் சிறிதும் தகுதியற்ற மனுக்களை இரண்டு முறையோ அதற்கு மேலோ போட்டால் அந்த வழக்கில் மட்டும் மேற்கொண்டு மனுப் போட அனுமதி பெற வேண்டும். விடாமல் தொடர்ந்தால் அந்த விவகாரத்தைத் தொடும் எதற்கும் அனுமதி பெற வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் எந்த வழக்குக்கும் அனுமதி பெற வேண்டும். கட்டுப்பாடு இத்தனை காலத்துக்கு என்று வரையறுக்கப்படுகிறது; கட்டுப்படுத்தப்பட்டவர்களின் பட்டியல் யாரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. செய்த தவறு எந்த அளவோ அந்த அளவுக்குத் தடை என்ற இந்தப் படிமுறை நம் சட்டத்தில் அறவே இல்லை. இங்கே ஒன்று முழுக் கட்டுப்பாடு, இல்லையேல் எதுவுமே இல்லை.

நடைமுறையில் இங்கே எதுவுமே இல்லை என்ற நிலைதான் பெரும்பாலும் இருக்கிறது. அதற்கு முதல் காரணம், சட்டத்தின் சாவி அரசுத் தலைமை வழக்கறிஞர் ஒருவரிடம் மட்டும் இருப்பது. ஒரு விதவையை நினைத்துப் பாருங்கள். கணவர் விட்டுச்சென்ற அரை வீட்டை அவரிடமிருந்து பிடுங்க நினைக்கும் பங்காளி, முதலில் பாகப்பிரிவினை கேட்கிறார், தோற்கிறார். பிறகு பொதுச் சுவர் என்கிறார், பிறகு கழிவுநீர் என்கிறார், நடுவில் காவல் நிலையத்தில் கொலை மிரட்டல் புகார் கொடுக்கிறார், அது முடித்துவைக்கப்பட்டதும் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்கிறார். எதிலும் அவர் வெல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த அம்மாள் சலித்துப்போய் வந்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டால் போதும். நிரந்தர உறுத்துக்கட்டளை (நிரந்தரத் தடையாணை) கேட்கும் தாவாவுக்கு அவர் கட்டும் நீதிமன்றக் கட்டணத்தைவிட, எதிர்த்து நிற்க அந்த அம்மாள் செய்யும் செலவு பல மடங்கு. இப்படிப்பட்ட ஒருவர் தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டு, அரசுத் தலைமை வழக்கறிஞரை அணுகி, தன் பங்காளியின் வழக்குகளைத் தொகுத்துக் காட்டி, உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யும்படி அவரை இணங்க வைப்பது நடக்கக்கூடிய காரியமா? அமைச்சர்கள் மீதும் நீதிபதிகள் மீதும் வழக்குப் போடுகிறவர்கள் வேண்டுமானால் அரசுத் தலைமை வழக்கறிஞரின் பார்வைக்கு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரரை வதைப்பவர்கள் வரவே மாட்டார்கள்.

வேறு கருவிகள் இல்லையா என்று கேட்கலாம், இருக்கின்றன. ஒருமுறை தீர்ந்த விவகாரத்தை மீண்டும் எழுப்ப முன்தீர்ப்புத் தடை இருக்கிறது. வழக்குமூலமே (வழக்குப் போடுவதற்கான காரணமே) இல்லாத பிராதை (வாதி தாக்கல் செய்யும் வழக்குரையை) உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11இன் கீழ் தொடக்கத்திலேயே நிராகரிக்கலாம். சாமர்த்தியமாக எழுதப்பட்ட பிராதின் சொற்களில் மயங்காமல், அதன் உள்ளீட்டைப் படித்து, போலி வழக்கை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977இலேயே விசாரணை நீதிபதிகளுக்கு வலியுறுத்தினார். ஆனால் பிராதை நிராகரிக்கக் கேட்கும் மனுவும் ஒரு மனுதான். அதற்கும் எதிருரை, வாதம், உத்தரவு, அந்த உத்தரவின் மீது மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடுகின்றன. முன்பெல்லாம் நம் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 227ஆவது பிரிவின் கீழ் சீராய்வு மனுப் போட்டு, நீதிமன்றத்தைத் தவறாகப் பயன்படுத்தும் தாவாவைக் கோப்பிலிருந்தே நீக்கக் கேட்பது வழக்கமாக இருந்தது. நடைமுறைச் சட்டத்திலேயே பரிகாரம் இருக்கும்போது அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதில் மிகுந்த தயக்கம் வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்ன பிறகு அந்த வழியும் குறுகிவிட்டது. அந்தத் தீர்ப்பில் குறை காண நான் முற்படவில்லை. ஒரு வாசல் குறுகியபோது இன்னொரு வாசலைச் சட்டமன்றம் அகலப்படுத்தியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

செலவுத்தொகை பற்றியும் சொல்ல வேண்டும். பொய்யான அல்லது தொல்லை தரும் கோரிக்கைக்காக எதிர்த்தரப்புக்கு இழப்பீடு வழங்க நடைமுறைச் சட்டத்தின் 35அ பிரிவு வழிசெய்கிறது. 1922இல் அப்பிரிவு சேர்க்கப்பட்டபோது அதன் உச்சவரம்பு 1,000 ரூபாய். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 3,000 ரூபாய் ஆக்கியது. இன்றும் அதே 3,000 ரூபாய்தான். வணிக வழக்குகளுக்கு மட்டும் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் இந்த உச்சவரம்பை நீக்கியிருக்கிறது. கோடிகளில் வழக்காடும் நிறுவனங்களுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, குடியிருக்கும் வீட்டுக்காக வழக்காடும் மனிதருக்குக் கிடைக்காமல் போனதற்கு எந்த நியாயத்தையும் என்னால் காண முடியவில்லை. தொகை போதாது என்று உச்ச நீதிமன்றமே ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் சொல்லியும் திருத்தம் வரவில்லை.

தொல்லை வழக்காடி என்றதும் எல்லாரும் வாதியை மட்டுமே நினைக்கிறோம். என் பணிக் காலத்தில் நான் கண்டதில் கொடியது வேறு. தாவா முடிந்து, மேல்முறையீடும் முடிந்து, சொத்தை ஒப்படைக்கும்படி டிக்ரி (தீர்ப்பின்படியான கட்டளை) ஆன பிறகு, அதை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா போய் நிற்கும்போது திடீரென்று முளைக்கும் ஆட்சேபணைதான் அது. தோற்றவரின் தம்பி ஒருநாள் தனக்கும் பங்கு உண்டு என்பார். அது தள்ளுபடியானால் பத்திரமில்லாத ஒரு குத்தகைதாரர் வருவார். கட்டளை நிறைவேற்ற மனு, மூலத் தாவாவைவிட அதிக காலம் நிலுவையில் கிடக்கும். நிறைவேற்ற மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது இந்த அவலத்தைக் கண்டுதான். இப்படி இடைமனுக்களாலும் ஆட்சேபணைகளாலும் வதைப்பவர் புதிதாக எந்த வழக்கையும் ‘தொடுப்பதில்லை’. ஆகவே நடவடிக்கை தொடுப்பதை மட்டுமே பேசும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் திரும்புவதே இல்லை. இங்கிலாந்தின் முதல் படிநிலை, ஒரே வழக்குக்குள் போடப்படும் மனுக்களைக் கட்டுப்படுத்துவது, நமக்கு மிகவும் தேவைப்படுவது இங்கேதான்.

அரசையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது. நீதிமன்றங்களில் மிகப் பெருவாரியாக வழக்காடும் தரப்பு அரசும் அதன் துறைகளுமே என்பதை மத்திய அரசு 2010இல் வெளியிட்ட தேசிய வழக்காடல் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. ஓய்வூதியக் கணக்கில் ஒரே சட்டக் கேள்வி பலமுறை தீர்க்கப்பட்ட பிறகும், அடுத்து வரும் ஊழியர் மீண்டும் தனி நீதிபதி, அமர்வு, உச்ச நீதிமன்றம் என்று ஏற வேண்டியிருக்கிறது. அந்த மேல்முறையீடுகளில் கையெழுத்திடும் அதிகாரியின் சொந்தப் பணம் ஒரு காசும் செலவாவதில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனுச் செய்ய வேண்டியவர் அரசின் வழக்கறிஞரே என்பதால் அரசுக்கு எதிராக அதைப் பயன்படுத்தவும் வழியில்லை.

இனி அந்த அன்பரின் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்த பகுதிக்கு வருகிறேன். மனு கொடுக்க அடிக்கடி வருபவர்களை ஆட்சியர் அலுவலகங்கள் அடையாளம் கண்டு விலக்கிவைக்க வேண்டும் என்கிறார். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், 2017 அக்டோபர் 23 அன்று, மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமையில், ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்கு இரையானதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல் போனவர்கள் அவர்கள். திரும்பத் திரும்ப வருகிறார் என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்திருந்தால், விலக்கிவைக்க வேண்டிய பட்டியலில் அவர்களுடைய பெயரும் இருந்திருக்கும். அதிக வட்டி வசூலைத் தடை செய்யும் சட்டம் இந்த மாநிலத்தில் 2003 முதலே இருந்தது. சட்டம் இருந்தும் மனு பலிக்காததால்தான் அவர்கள் மீண்டும் மீண்டும் வந்தார்கள். விடாமல் வருபவருக்கும் வீணாக வருபவருக்கும் உள்ள வேறுபாடு வருகையின் எண்ணிக்கையில் தெரியாது. முந்தைய மனுவுக்கு உண்மையான விசாரணையும் காரணம் சொன்ன பதிலும் கிடைத்தனவா என்று பார்த்தால்தான் தெரியும். ‘மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதி முடித்துவைத்துவிட்டு, அடுத்த வாரம் அதே மனுவோடு வருபவரைத் தொல்லைக்காரர் என்று சொல்ல எந்த அலுவலகத்துக்கும் உரிமை இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்திலும் இதே குழப்பத்தைக் காண்கிறோம். விண்ணப்பம் செய்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அரசு ஊழியர்களில் 75 விழுக்காட்டினர் தங்கள் நேரத்தில் 75 விழுக்காட்டைத் தகவல் திரட்டுவதிலேயே கழிக்கும் நிலையை நாடு விரும்பவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு தீர்ப்பில் சொன்ன கருத்து, அன்றிலிருந்து பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் விண்ணப்பங்களை மறுக்கும் கடிதங்களில் மேற்கோளாகப் பயன்படுகிறது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, விண்ணப்பதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. பின்னர் 6(2) பிரிவைக் கருதித் தானாகவே முன்வந்து அந்தப் பகுதியை நீக்கியது. அந்த அமர்வின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் 2022இல் வெளிவந்த செய்திகளின்படி குஜராத் மாநிலத் தகவல் ஆணையம் பத்துப் பேருக்கு விண்ணப்பிக்கவே தடை விதித்திருந்தது. அப்படிப்பட்ட தடைக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. இங்கிலாந்தின் தகவல் உரிமைச் சட்டமோ, 14ஆவது பிரிவில், தொல்லை தரும் கோரிக்கையை மறுக்கலாம் என்கிறது. அங்கே எடைபோடப்படுவது கோரிக்கைதான். கேட்டவருடைய அடுத்த கோரிக்கை நியாயமானதாக இருந்தால் அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். மனுவை எடைபோடுங்கள், மனுதாரரின் மீது முத்திரை குத்தாதீர்கள் என்ற அந்த நெறியை நம் அலுவலகங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

மனநலம் பற்றிய பேச்சும் இந்த விவகாரத்தில் அடிக்கடி எழுகிறது. விடாப்பிடியாக வழக்காடும் இயல்பை ஒரு நோயாக ஐரோப்பிய மருத்துவம், குறிப்பாக ஜெர்மானிய மருத்துவம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே விவரித்து வந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர்கள், குறைதீர்ப்பு அலுவலகங்களுக்கு வரும் மிகவும் விடாப்பிடியான முறையீட்டாளர்களைச் சாதாரண முறையீட்டாளர்களோடு ஒப்பிட்டு 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மற்றவர்கள் இழப்பீடு கிடைத்தாலோ மன்னிப்புக் கேட்கப்பட்டாலோ அமைதியடைய, இவர்களில் பலர் தாங்கள் சொன்னது முழுக்கச் சரி என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும், எதிரி தண்டிக்கப்பட வேண்டும் என்று கேட்டார்கள் என்பது அதன் முக்கியமான கண்டறிதல். நீதிமன்றமும் சரி, குறைதீர்ப்பு அலுவலகமும் சரி, அப்படிப்பட்ட நிறைவைத் தருவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. எனவே அவர்கள் எந்தப் பதிலிலும் ஓய்வதில்லை. தாவாவைத் தொடங்கியபோது நல்ல வேலையிலும் குடும்பத்திலும் இருந்து, வழக்கு முடிவதற்குள் இரண்டையும் இழந்துவிட்ட மனிதர்களை நான் அறிவேன். தொல்லை கொடுத்தவரும் அங்கே பாதிக்கப்பட்டவரே. அவர்களுக்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் இதை வைத்துக்கொண்டு முறையீடு செய்பவரை நோயாளி என்று அலுவலகமே தீர்மானிக்கத் தொடங்குவது ஆபத்தானது. சோவியத் ஒன்றியத்தில் அரசுக்கு எதிராக ஓயாமல் முறையிட்டவர்களைச் சீர்திருத்தப் பித்துப் பிடித்தவர்கள் என்று சொல்லி மனநல மருத்துவமனைகளில் அடைத்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் தன் ஊழியர்களுக்கு வகுத்த வழிகாட்டி, ஆளைப் பற்றிப் பேசாமல் நடத்தையைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று வலியுறுத்துகிறது. எத்தனை கடிதங்களுக்குப் பதில் சொல்வோம், யார் பேசுவார், எந்த நேரத்தில் பேசுவார் என்று எல்லை வகுக்கலாம். ஆளையே ஒதுக்கக் கூடாது.

நாடறிந்த ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். சுராஜ் இந்தியா டிரஸ்ட் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக 64 மனுக்களைத் தாக்கல் செய்து எதிலும் வெற்றி பெறாத நிலையில், உச்ச நீதிமன்றம் 2017இல் அதற்கு 25 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்ததோடு, இனிமேல் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் பொதுநல வழக்குத் தொடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. அந்த அமைப்பின் நடத்தையை நான் ஆதரிக்கவில்லை. என்றாலும், அனுமதி பெற்று வரலாம் என்ற வழிகூட வைக்காத முழுத் தடையைவிட, நம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதி முறை பண்பட்டது என்பேன். முறையான மத்தியச் சட்டம் இல்லாததால்தான் நீதிமன்றங்கள் தங்கள் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு இப்படி வழக்குக்கு வழக்கு வெவ்வேறு வடிவில் ஆணையிட நேர்கிறது.

ஆகவே மாநிலச் சட்டமன்றத்துக்கும் சட்ட அமைச்சர் அவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது. மனுச் செய்யும் உரிமை அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு மட்டுமின்றி, பாதிக்கப்பட்ட எதிர்த்தரப்புக்கும் மாவட்ட நீதிபதிக்கும் வேண்டும். அந்த உரிமையே மற்றொரு தொல்லை ஆயுதமாகிவிடாதிருக்க, முன்பு குறைந்தது இரண்டு நடவடிக்கைகளாவது முற்றிலும் தகுதியற்றவை என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். ஒரே வழக்குக்குள் போடப்படும் இடைமனுக்களும் நிறைவேற்ற நிலையில் எழும் ஆட்சேபணைகளும் சட்டத்துக்குள் வர வேண்டும். ஆணை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைப் பற்றி இப்போதைய சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. காலம் வரையறுக்கப்பட வேண்டும். அது முடிந்ததும் மீண்டும் விசாரித்தே நீட்டிக்க வேண்டும். இடையிலேயே நடத்தை மாறியவர் ஆணையை விலக்கக் கேட்கவும் வழி வேண்டும். அரசுத் துறைகளுக்கும் சட்டம் பொருந்தும் என்று எழுத வேண்டும்; தீர்ந்த சட்டக் கேள்வியின் மீது மேல்முறையீடு செய்யும் துறை, ஏன் செய்கிறோம் என்பதற்குப் பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடு காரணம் தாக்கல் செய்யட்டும்.

கட்டுப்படுத்தப்படுபவருக்கு வழக்கறிஞர் உதவி கட்டாயம் கிடைக்க வேண்டும் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இவர்களில் பலர் தாமே ஆஜராகி வாதிடுபவர்கள். வக்காலத்துப் போட்ட வழக்கறிஞர்களையெல்லாம் மாற்றி மாற்றி ஓய்ந்துபோனவர்கள். ஒரு நல்ல வழக்கறிஞர் அரை மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் குறையில் இந்தப் பகுதிக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு, இந்தப் பகுதிக்குக் கிடையாது என்று பிரித்துச் சொன்னாலே பாதி வழக்குகள் குறையும் என்பது என் அனுபவம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி தாலுகா வரை சட்டப்பணிகள் குழுக்கள் இருக்கின்றன. அனுமதி கோரும் நிலையில் ஒவ்வொருவருக்கும், வருமானம் பாராமல், அங்கிருந்து ஒரு வழக்கறிஞரை நியமிக்கலாம்.

இப்போது ஆணைகள் அரசிதழில் மட்டும் வெளியாகின்றன. பிராதைச் சரிபார்த்து எண்ணிடும் முன்சீப் நீதிமன்ற ஊழியரின் மேசைக்கு அரசிதழ் வருவதில்லை; தடை விதிக்கப்பட்டவர் பக்கத்து மாவட்டத்தில் தாக்கல் செய்தால் அங்கே இருப்பவருக்கு அவர் யார் என்றே தெரியாது. உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் நடப்பிலுள்ள ஆணைகளின் பட்டியலை, காலாவதி நாளோடு வெளியிட்டு, காலம் முடிந்தவர்களின் பெயர்களை அன்றே நீக்குவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உயர் நீதிமன்றப் பதிவாளரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதையாவது இந்த ஆண்டே செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்சீப் நீதிமன்றச் சிரஸ்தார்,
பாளையங்கோட்டை.